தந்தையின் கட்டிலருகே மீன்தொட்டி

என் தந்தையாரின் இறுதிக் காலத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேச்செழும்போதெல்லாம் ஒரு மீன்தொட்டியும் அப்பேச்சினுள் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அது முன்னைக்குச் சற்றுப் பெரிதாகியே வரும். அவருடைய உயிர் பிரிந்த நொடியில் மீன் ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது என்று ஓர் உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உறவினர் அன்று இவ்வூரிலேயே இல்லை. மீன்களெல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பி அவர் முகத்தையே நோக்கி நின்றன என்று வேறொருவர் சொல்வார். பேச்சிழந்து கிடந்த ஒருவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவரால் மறுக்க இயலாது. இறந்தபின் அப்படிச் சொன்னதே உண்மையாக நிலைத்துவிடுகிறது. தந்தையார் தம் வாழ்நாள் முழுதும் நில அளவைத் துறையில் பணிபுரிந்தவர். தாம் சங்கிலி இழுத்து அளக்காத எல்லையை வரைபடத்தில் கோடிட ஒருப்படாதவர். ஆகவே இங்கு நான் என் கண்ணால் கண்டவற்றையும், என் தாயாரும் அயல்வீட்டு நண்பரும் தனித்தனியே சொல்லித் தம்முள் ஒத்துப்போனவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை எழுத நேரின், அவர் சொன்னதாகவே எழுதுவேன்.

நாங்கள் குடியிருந்தது திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெருவொன்றில். நான் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வந்தேன். தந்தையார் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில், கோவிலிலிருந்து திரும்பி வாயிற்படி ஏறும்போது அவருக்கு வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. பேச்சும் அன்றே நின்றது. கண்ணும் செவியும் இடக்கையும் மட்டும் அவருடையனவாக எஞ்சின.

மருத்துவர் வந்து பார்த்து, உயிருக்கு உடனடியாக இடையூறில்லை என்றார். ஆயினும் தந்தையார் தம் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக் கொண்டார். கஞ்சி புகட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். தாயார் கரண்டியை உதட்டருகே பிடித்தபடி நெடுநேரம் நிற்பார். கஞ்சி ஆறி ஏடு படியும். அதைக் கொண்டுபோய்ச் சூடாக்கி மீண்டும் வந்து நிற்பார். உடல் நாளுக்கு நாள் வற்றியது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "மருந்து எறங்கணும்னா முதல்ல அவர் இந்தப் பக்கம் திரும்பணும். பார்க்கறதுக்கு ஏதாவது வையுங்கோ. அசையற சாமானா இருக்கணும். படமெல்லாம் வேண்டாம்," என்று சொன்னார்.

அக்காலத்தில் தாயகம் திரும்பும் ஆங்கில அலுவலர்கள் தம் வீட்டுப் பொருள்களை ஏலத்தில் விட்டுச் செல்வது வழக்கம். அத்தகைய ஏலமொன்றில் இரும்புச் சட்டமிட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று கிடந்தது. மீன் வளர்ப்பதற்கென்றே செய்தது. அதை வாங்கி ஒரு கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தாயார் வாயிலிலேயே நின்றுவிட்டார். "மீனை ஆத்துக்குள்ள கொண்டுவரப் போறியா?"

"மத்ஸ்யாவதாரம்னு நெனச்சுக்கோங்கோ."

"அவதாரம் நாறாது. இது நாறும்."

ஆனாலும் அவர் தடுக்கவில்லை. சிறிது நேரம் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தபின், "அவர் திரும்புவாரோ?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "செரி, வை," என்றார்.

மறுநாள் விடியலில் கரமனையாற்றங்கரைக்குச் சென்று, அங்கே வலைவீசிக் கொண்டிருந்த ஒருவரிடம் உயிருள்ள சிறுமீன் சில வேண்டும் என்றேன். அவர் என் நெற்றிக்குறியையும் கையிலிருந்த பித்தளைக் குடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "திங்கறதுக்கா சாமி, காணறதுக்கா?" என்றார்.

"காணறதுக்குத்தான்."

"கொள்ளாம், நல்ல காரியம். காணறதுக்கு மாத்ரம் மீன் வாங்கற ஆளை நான் இப்பத்தான் காணறேன்," என்று சிரித்துக்கொண்டே பள்ளத்தி மீன்களாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். பள்ளத்தி உள்ளங்கையில் அடங்கும் சிறுமீன், மஞ்சள் மேனி, நடுவிலே ஒரு கரும்பொட்டு. குடத்தின் வாயை வாழையிலையால் மூடிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். மூடியும் பயனில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி கோலத்திலிருந்து தலை நிமிராமலே உள்ளே என் தாயாருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "என்ன மாமி, உங்காத்துல இன்னிக்கு மத்தி மீனாமே. கொழம்பா, வறுவலா?"

"ஏண்டி, அதுக்குப் பேரெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தாயார்.

தொட்டியைத் தந்தையாரின் அறையில் சாளரத்தை ஒட்டி, ஒரு பெஞ்சின்மேல் வைத்தோம். ஆற்றுமணலைக் கழுவிப் பரப்பிக் கிணற்றுநீரை நிரப்பினோம். மீன்களை விட்டபோது அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். நாங்கள் அழைக்கவில்லை. காலை வெயில் தொட்டியினூடே புகுந்து சுவரில் விழுந்தது. மீன்களின் நிழல்கள் அச்சுவரின்மேல், அவர் கண்ணுக்கு நேரே, அங்குமிங்கும் போயின. அவர் சற்றுநேரம் அந்நிழல்களைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார். தாயார் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவர ஓடினார். தந்தையார் மீன்களைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

இதை நான் கண்டேன். அன்றுமுதல் அத்தொட்டி எங்களுக்கு வெறும் காட்சிப்பொருளாக இருக்கவில்லை. அவர் உண்ணும் ஒவ்வொரு வாய்க் கஞ்சியும் அந்த மீன்களைச் சார்ந்ததாயிற்று. அவை உயிரோடிருக்கும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்றே நானும் தாயாரும் எண்ணினோம். வாய்விட்டுச் சொல்லிக் கொண்டதில்லை.

செய்தி தெருவில் பரவியது. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மீனுக்கும் ஏதேனும் கொண்டுவரத் தொடங்கினார்கள். கோவில் குளத்து மீனுக்குப் பொரியிடுவது புண்ணியம் என்பது எங்கள் தெருவில் யாவரும் வைத்திருந்த நம்பிக்கை. அதிலும் ஒருவர் நோயுற்றுக் கிடக்கையில் அவர் பெயரைச் சொல்லி இட்டால் அவருடைய ஆயுள் நீளும் என்பர். எதிர்வீட்டுப் பெண்மணி, முதல்நாள் ஏளனம் செய்தவரே, நாள்தோறும் நைவேத்தியச் சோற்றில் ஒரு கைப்பிடியை இலையில் ஏந்திவந்து, தந்தையாரின் நட்சத்திரத்தைச் சொல்லித் தொட்டியில் இட்டுப் போவார். அவரைப் போலவே மற்றவர்களும். மீன்கள் உண்டது சிறிது. எஞ்சிய சோறும் பொரியும் மணலில் படிந்து ஊறின.

"இவ்வளவு போடவேண்டாம்னு சொல்லுங்கோளேன்," என்றேன் தாயாரிடம்.

"இவருக்கு ஆயுசு கூடணும்னு போடறா. வேண்டாம்னு நான் எந்த வாயால சொல்றது?"



ஓரிரு நாளில் நீர், அரிசி களைந்த கழுநீர்போல் வெண்மை படர்ந்து கலங்கியது. பழைய நீரை வைத்திருப்பது எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு ஒவ்வாதது. பூசைக்குரிய செம்பானாலும் குடிக்கும் பானையானாலும் முதல்நாள் நீரைக் கொட்டி, பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்துப் புதுநீர் நிரப்பிய பின்னரே அடுப்பு மூட்டுவார் தாயார். தொட்டிக்கும் அவர் அதையே செய்தார். மீன்களை ஒரு வாளியில் விட்டு, நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, மணலைப் பலமுறை அலசிப் பளபளக்கச் செய்து, புதிதாக நிரப்பினார். நீர் தெளிந்தது. மறுநாள் மீண்டும் கலங்கியது. மீண்டும் தேய்த்தார். அந்த உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் நாள்தோறும் உடன்நின்று நீர் சுமந்தேன்.

மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியென்று கருதி மேலும் பொரியிட்டார்கள். அவற்றின் செவுள்கள் புண்பட்டவைபோலச் சிவந்தன. சில அடியில் மணலின்மேல் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தன. பின்னர் ஒருநாள் விடியலில், தந்தையார் கண்விழிக்கும் முன்பு, ஒரு மீன் இறந்து மிதப்பதைத் தாயார் கண்டார்.

என்னை எழுப்பி அழைத்து வந்து காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். தந்தையார் விழித்து இதைக் கண்டால் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார் என்பதைத் தவிர வேறெதுவும் எங்கள் நினைவில் இல்லை. நான் ஒரு கொட்டாங்கச்சியால் அதை மொண்டெடுத்துக் கொல்லையில் புதைத்தேன். ஆற்றுக்குச் சென்று வேறொன்றைக் கொண்டுவந்து விட்டேன். பள்ளத்திகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பவை. அவர் விழித்தபோது தொட்டியில் எண்ணிக்கை குறையாமலிருந்தது.

அடுத்த சில நாள்களிலும் இதுவே நடந்தது. ஒன்று இறக்கும், நான் ஒன்று கொண்டுவருவேன். வலைக்காரர் என்னைக் கண்டதும், "சாமி, காணறதுக்குன்னு வாங்கிட்டு, பின்னே தின்னு தீர்க்கறீரா?" என்றார். அன்று அவருடைய நகைச்சுவையை என்னால் தாங்க இயலவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அயல்வீட்டு நண்பர் எனக்கு ஒத்த வயதினர். வேதியியல் படித்து, குடிநீரைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றினார். ஒரு மாலையில் தந்தையாரைப் பார்க்க வந்தவர், தொட்டியின் முன்பு நின்றுகொண்டு நகரவில்லை. மறுநாள் ஒரு சிறு குப்பியில் மருந்துநீரும் ஒரு கண்ணாடிக் குழாயுமாக வந்தார். அடுக்களைப் பக்கத்துக் கூடத்தில், தாயாரும் நானும் பார்த்திருக்க, தொட்டி நீரைக் குழாயில் எடுத்து, அதில் மருந்துநீரைச் சில துளிகள் விட்டார். நீர் முதலில் மஞ்சளாயிற்று. பிறகு நாங்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே பழுப்பேறியது.

"என்னடா இது, சுக்குக் காப்பி மாதிரி ஆயிடுத்தே," என்றார் தாயார்.

"அம்மோனியா, மாமி. மாட்டுத் தொழுவத்துல மூக்கைப் பிடிக்குமே ஒரு நெடி, அதேதான். ரொம்ப இருக்கு. மீன் சாப்பிடறதும் அங்கே, கழிக்கறதும் அங்கே. போட்ட சோறு வேற அழுகறது. எல்லாம் சேந்து இப்படி ஆயிடும். அதோட செவுளை இது சுட்டுடும்."

"தெனம் தேய்ச்சு ஜலம் மாத்தறேனே. இத்தனை சுத்தமா வெச்சுமா?"

"தேய்க்கறதுனாலதான், மாமி."

தாயாரின் முகம் வாடியது. நண்பர் அதைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். மணலிலும் கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நல்ல கிருமி மெல்ல மெல்லக் குடியேறும் என்றும், அதுவே அம்மோனியாவை மீனைக் கொல்லாத வேறொன்றாக மாற்றும் என்றும், புதுத்தொட்டியில் அது பெருகச் சில வாரங்கள் ஆகும் என்றும், நாள்தோறும் மணலை அலசினால் அது தங்க வழியில்லை என்றும் விளக்கினார். சோறு இடுவதை அறவே நிறுத்த வேண்டும். மீன்களைக் குறைக்க வேண்டும். புதிது சேர்க்கவே கூடாது. ஆற்றுப்பாசியில் ஒரு கொத்தை ஊன்ற வேண்டும். நீர் மிகக் கெட்டால் ஒரு பங்கை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட வேண்டும். மணலைத் தொடவே கூடாது.

"கிருமியை ஆத்துக்குள்ள வளர்க்கச் சொல்றியா?" என்று கேட்டார் தாயார். "டாக்டர் என்னடான்னா கிருமி அண்டப்படாதுன்னு மூணு வேளையும் பினாயில் போட்டுத் தொடைக்கச் சொல்றார். நீ அதே அறையில வளர்க்கணும்ங்கறே. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"ரெண்டு பேர் பேச்சையும்தான். தரையை அவர் சொன்னபடி தொடையுங்கோ. தொட்டியை நான் சொன்னபடி தொடாம விட்டுடுங்கோ."

"அழுக்கு ஜலத்தை நோயாளி தலைமாட்டுல வெச்சுண்டு சும்மா உக்காந்திருக்கணுமாக்கும்?"

"ஆமாம், மாமி. சும்மா உக்காந்திருக்கறதுதான் இதுல கஷ்டமான காரியம்."

வழியனுப்ப வாயில்வரை சென்ற என்னிடம் நண்பர், "ஓய் வாத்யாரே, நீரும் அந்தக் குடத்தைத் தூக்கிண்டு ஆத்தங்கரைக்குப் போறதை நிறுத்தும். புது மீன் ஒவ்வொண்ணும் அந்த நஞ்சை ஏத்தறது," என்றார்.

அவர் கூறியது எனக்கு விளங்கியது. ஆனால் காலையில் ஒரு மீன் இறந்து கிடக்க, இன்னும் சிறிது நேரத்தில் தந்தையார் கண்விழிப்பார் என்ற நிலையில், அந்த அறிவு என்னை வீட்டில் இருத்தவில்லை. தாயாரும் பாதியே இணங்கினார். மணலை அலசுவதை விட்டார், பாசிக்கொத்தையும் ஊன்றவிட்டார். நீர் முழுவதையும் மாற்றுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணியின் கைப்பிடிச் சோற்றையும் மறுக்க முடியவில்லை. அவரை உள்ளே விடாமல் வாயிலிலேயே வாங்கிக்கொண்டு, அவர் போனபின் மீனுக்கு இடாமல் காக்கைக்கு இட்டார். ஆனால் அப்பெண்மணியோ தம் கையாலேயே இட்டால்தான் பலன் என்று சில நாளில் மீண்டும் நேரே அறைக்குள் வரத் தொடங்கிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதன்று.

இறந்த மீனைத் தொட்டாலும், அது கிடந்த நீரைத் தொட்டாலும் குளித்தே ஆகவேண்டும் என்பது தாயார் கொண்ட விதி. அவர் வைகறையிலேயே கிணற்றடியில் குளித்து மடியுடுத்துவிடுவார். ஆகவே மீன் இறந்த நாள்களில் அவர் இரண்டாம் முறையும் தலைமுழுகினார். நானும் முழுகினேன். கிணறு, தந்தையாரின் அறைச் சாளரத்துக்கு மறுபுறத்திலேயே இருந்தது. உருளை ஓசையும், நீர் தலையில் விழுந்து கல்லில் சிதறும் ஓசையும் அவர் கட்டிலுக்கு நன்கு கேட்கும்.

எங்கள் வீடுகளில், காலைக் குளியல் முடிந்தபின் ஒருவர் மீண்டும் தலைமுழுகினால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: சாவுச்செய்தி வந்திருக்கிறது. உறவில் யாரோ போய்விட்டார். இதை அங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

முதல்முறை தாயார் ஈரத்தலையோடு அறைக்குள் சென்றபோது தந்தையார் அவர் முகத்தை உற்றுநோக்கினார். புருவம் உயர்ந்தது. யார் என்று கேட்கும் பார்வை அது; நான் உடன் நின்றிருந்தேன். தாயார் தலையைத் துவட்டியபடியே, "ஒண்ணுமில்லே. காக்கா தலையில தட்டிடுத்து," என்றார். காக்கை தட்டினாலும் குளிப்பது வழக்கம். அவர் விழியைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டாம்முறை, "மேல பல்லி விழுந்துடுத்து," என்றார் தாயார்.

மறுமுறை வேறொன்று சொன்னார். அது என்னவென்று நினைவில்லை, ஆகையால் எழுதவில்லை. அதற்கடுத்த முறை தந்தையார் கேட்கவில்லை. ஈரத்தலையோடு சென்ற தாயாரைப் பார்த்தார். பின்பு தொட்டியைப் பார்த்தார். பார்வையை அங்கேயே நிறுத்திக்கொண்டார். தாயார் சொல்லத் தயாராக வைத்திருந்த சொல்லைச் சொல்லாமலே கஞ்சியை எடுத்தார். அன்றும் தந்தையார் வாய் திறந்து உண்டார்.

தம் பணிக்காலத்தில், இருபதாண்டுக்கு முன் நட்ட எல்லைக்கல் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று உடன் பணிபுரிந்தோர் அவரைப் பற்றிச் சொன்னதுண்டு. முதலில் கொண்டுவந்த மீன்களுள் ஒன்றுக்கு வால் சற்றுக் கிழிந்திருந்தது. அது இறந்தபின் கொண்டுவந்தது முழு வாலோடு இருந்தது. இவற்றை நான் அப்போது இணைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பகலில், தாயார் கஞ்சி புகட்டிக் கொண்டிருந்தபோது, மீன் ஒன்று மேற்பரப்பில் சாய்ந்து கிடந்து செவுளை அடித்துக்கொண்டது. நான் அறைவாயிலில் நின்றேன். அதுவரை எல்லாம் விடியலுக்கு முன்பே நிகழ்ந்தன. இது அவர் விழித்திருக்கையில், அவர் கண்ணெதிரே நிகழ்ந்தது. தாயார் சட்டென எழுந்து கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நின்று மறைத்துக்கொண்டார். கிண்ணம் கையிலிருந்தது. "கொஞ்சம் கண்ணை மூடிண்டு படுத்துக்கோங்கோ. அப்பறம் சாப்பிடலாம்," என்றார்.

தந்தையார் தம் இடக்கையை நீட்டித் தாயாரின் புடைவை ஓரத்தைப் பற்றினார். பற்றி, மெல்ல ஒரு பக்கமாக இழுத்தார். அக்கைக்கு வலிமையே இருக்கவில்லை. இழுப்பு அவ்வளவு மென்மையாயிருந்தது. ஆனால் தாயார் நகர்ந்துவிட்டார்.

மீன் அடங்கும்வரை தந்தையார் பார்த்துக் கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம். அது அசைவற்றபின் அவர் தாயாரின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தார். அது கஞ்சிக்காகவே என்று எங்களுக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. தாயார் கரண்டியை எடுத்தார். அவர் கண்ணீர் கிண்ணத்துள் விழுந்தது. துடைக்கவும் கை ஒழியவில்லை. தந்தையார் அக்கஞ்சி முழுவதையும் உண்டார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அன்று நான் ஆற்றுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. முடிவில் தொட்டியில் இரண்டு மீன்களே எஞ்சின.

அதற்குப்பின் தந்தையார் நெடுநாள் இருக்கவில்லை. மழை தொடங்கிய வாரத்தில், மாலைவேளையில், இரண்டாம்முறை வாதம் தாக்கியது. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. தாயாரும் நானும் அருகிலிருந்தோம். மீன்கள் துள்ளவில்லை, ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கவும் இல்லை. அவை பாசிக்கொத்தின் நிழலில் இருந்தன என்று நினைக்கிறேன்; உண்மையில் அப்போது நான் அவற்றைப் பார்க்கவேயில்லை.

தீட்டுக் காலத்தில் அந்த அறையில் ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைத்தோம். அவர் உயிர்விட்ட இடத்தில் விளக்கெரிய வேண்டுமென்பது முறை. எண்ணெய் விடுவதற்கன்றி அதனுள் யாரும் செல்லவில்லை. தாயார் எதையும் தேய்க்கவில்லை, எதையும் கழுவவில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தீட்டுள்ள வீட்டுக்குப் புண்ணியம் தேடி யாரும் சோறு கொண்டுவருவதில்லை. எதிர்வீட்டுப் பெண்மணியும் வாயிலோடு நின்று விசாரித்துப் போனார். ஆயுளை வேண்டுவதற்கும் இனி ஒருவருமில்லை. தொட்டியில் ஒரு கை படவில்லை. ஒரு பருக்கை விழவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து வீட்டைக் கழுவித் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் ஆனபின் அறைக்குள் சென்றேன். இரண்டு மீன்களும் உயிரோடிருந்தன. மேற்பரப்பில் வாய்பிளக்கவில்லை. நடுநீரில், துடுப்பை விரித்து நின்றன. கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பச்சை படிந்திருந்தது. நீர் சற்றே பழுப்புநிறம் கொண்டு, ஆனால் கலங்கலின்றி, அடிமணல்வரை தெரிந்தது.

நண்பர் சில நாள் கழித்து மீண்டும் தம் குப்பியோடு வந்தார். இம்முறை அதே அறையில் வைத்துச் சோதித்தார். மருந்துநீர் விழுந்தபின் நாங்கள் மூவரும் குழாயைப் பார்த்துக் கொண்டிருந்தோம். மிக மெல்லிய மஞ்சள் தோன்றியதோ இல்லையோ என்று சொல்லும்படி இருந்தது; அதன்பின் மாறவில்லை.

"செரியாயிடுத்து, மாமி," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் தாயாரைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலியே," என்றார் தாயார்.

"ஆமாம்."

"எல்லாரும் தொடாம இருந்ததுக்கு அப்பறம்தான் செரியாச்சு, இல்லையா?"

நண்பர் குழாயைக் கழுவ எழுந்தார். தாயார் தொட்டியின் முன் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்து, "அவர் இருக்கறச்சே நான் ஒரு நாள் சும்மா இருந்திருந்தேன்னா இதுக எல்லாம் பொழைச்சிருக்கும். சும்மா இருக்க வரலை எனக்கு. ஆத்துல ஒருத்தர் கெடக்கறச்சே யாருக்குத்தான் சும்மா இருக்க வரும்?" என்றார். அழவில்லை. எங்களில் யாரையும் நோக்கியும் அவர் அதைச் சொல்லவில்லை.

அந்த இரு மீன்களும் அதன்பின் பல மாதங்கள் வாழ்ந்தன. தாயார் அத்தொட்டியின் மணலைப் பின்னர் ஒருபோதும் அலசவில்லை. நீர் குறையும்போது ஒரு செம்பு ஊற்றுவார், அவ்வளவே. அவை ஒன்றன்பின் ஒன்றாக இறந்த நாள்களில் முன்போலவே தலைமுழுகினார். பிறகு தொட்டியை நண்பர் தம் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுமென்று கேட்டு எடுத்துப்போனார்.

தாயார் இருந்தவரை அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்று பலமுறை எண்ணியிருக்கிறேன். ஒருமுறை கேட்டும் விட்டேன்: தொட்டியில் மீன்களை மாற்றிக் கொண்டிருந்தோமே, அது தந்தையாருக்குத் தெரிந்திருக்குமா என்று. அவர், "தெரிஞ்சிருந்தா எனக்காகத்தான் சாப்ட்டிருக்கார்," என்றார். அது தாயார் சொன்னது, அவர் கருத்து. நான் அதை உறுதிசெய்ய இயலாது.

கிணற்றடி ஓசை அவர் செவியில் விழுந்தது உறுதி. அதிலிருந்து அவர் என்ன உணர்ந்தார் என்பது தெரியாது. கிழிந்த வாலுள்ள மீன் மறைந்ததை அவர் கவனித்தாரா என்பது தெரியாது. தாயாரின் புடைவையை விலக்கிய பகலில் அவர் முதன்முறையாக ஒரு சாவைக் கண்டாரா, முன்பே அறிந்திருந்தவற்றுள் மற்றுமொன்றைக் கண்டாரா என்பது தெரியாது. மீனே இல்லாதிருந்தாலும் அவர் உண்டிருப்பாரா என்பதும் தெரியாது.